காலுள்ள எழுத்துக்கு ஒரு சிபாரிசு: வேலூர் வட்டார அச்சகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்து அச்சக முதலாளிகளுக்கும், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் வெளியாள் இல்லை. 1976-ல் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் கம்போசிங் கற்றுக்கொள்ளப் போனபோது எனக்கு 16 வயது. கேஸ் என்ற எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்தைப் பொறுக்கி, ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்கி, கேலி என்ற தட்டில் இறக்கி, நூல் கட்டி, புரூஃப் எடுத்துக் கொடுத்தே 20 வருஷம் போயிற்று. காலால் மிதிக்கும் ட்ரெடில் மெஷின் போய் ஆஃப்செட் வந்தது, ஈயம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. இப்போது வீட்டில் உட்கார்ந்து புரூஃப் மட்டும் பார்க்கிறேன். கண்ணாடிக்கு நம்பர் ஏறிக்கொண்டே போகிறது, வாய்தான் குறையவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வாய்தான் இந்த மடலை எழுதவைக்கிறது.

போன மாதம் ஒரு நூற்றாண்டு மலர் புரூஃபுக்கு வந்தது. யாருடைய மலர், எந்த அச்சகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கு டீக்கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. தமிழ்ப் பகுதி ஒரு மாதிரி தேறிவிடும். பின்னால் 60 பக்கம் இங்கிலீஷ். படித்துவிட்டு வெளியூர், வெளிநாடு போனவர்கள் எழுதி அனுப்பிய நினைவுகள். அந்த 60 பக்கத்தில் 7 வகை எழுத்தை எண்ணினேன். ஒரு கட்டுரை டைம்ஸ் நியூ ரோமன். இடம் போதவில்லை என்று அதை அகலவாக்கில் 80 சதவீதத்துக்கு நசுக்கியிருந்தார்கள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தமாதிரி இருந்தது. அடுத்த கட்டுரை ஏரியல். அதற்கடுத்து, காலமான ஒரு தலைமை ஆசிரியருக்கு அஞ்சலி. அது காமிக் சான்ஸ்! டிடிபி பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெரைட்டியா இருக்கட்டும்னு போட்டேன் சார்" என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை. அவனுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கள் தலைமுறை ஈயத்தோடு சேர்த்து வாயையும் மூடிக்கொண்டுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலீஷில் நீளமாக எதையாவது அச்சடிக்க வேண்டும் என்றால், மலரோ தலபுராண மொழிபெயர்ப்போ யாருடைய வாழ்க்கை வரலாறோ, ஒரே ஒரு எழுத்தைப் பழகிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். அதன் பெயர் பாஸ்கர்வில்.

கோடுகளின் முனையில் சின்னக் கால்போல நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் செரிஃப். டைம்ஸில் உண்டு, ஏரியலில் கிடையாது. மன்னனில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு என்று நம்மூரைக் கேலி செய்வார்கள். இப்போது அந்தப் பட்டியலில் காலில்லாத எழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். போர்டு, ஃப்ளெக்ஸ், ரசீது, விசிட்டிங் கார்டு எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன. போர்டுக்கு அது சரி. 200 பக்கம் உட்கார்ந்து படிக்கிறவனுக்குத்தான் கால் வேண்டும். அந்தக் கால்கள் வரியோடு கண்ணை இழுத்துக்கொண்டு போகும் என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். ஆராய்ச்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, 40 வருஷம் புரூஃப் பார்த்த என் கண் ஒப்புக்கொள்கிறது.

பாஸ்கர்வில்லை நான் முதலில் பார்த்தது பைண்டிங்குக்கு வந்த ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தில். எங்கள் அச்சகத்தில் பைண்டிங்கும் உண்டு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாதிகூடப் புரியாத வயசு. ஆனாலும் பக்கத்தைப் புரட்டினால் மனசு அமைதியாகும். கடைசியில், எந்த எழுத்தில் கோத்தது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பெயரை சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். சிகரெட் முதலாளியுடையது.

எதைப் பார்த்து அடையாளம் காண்பது? சின்ன ஜி-யைப் பாருங்கள். கீழ் வளையத்தை மூடாமல் விட்டிருக்கும், யாரோ கூப்பிட்டார்கள் என்று பாதிக் கோலத்தில் எழுந்துபோன மாதிரி. பெரிய க்யூவின் வால் ஒரே வீச்சில் பக்கத்து எழுத்துக்கு அடியில் நீளும். பெரிய இ-யில் கீழ்க்கை மேல்கையைவிட நீளம். டபிள்யூவின் நடு முனையில் கால் இருக்காது. இட்டாலிக் எழுத்து நல்ல கையெழுத்துக்காரர் பேனாவில் எழுதியதுபோல ஒடுங்கி ஓடும். அப்புறம் ஓ-வைப் பாருங்கள். இதற்கு முந்தைய கேஸ்லன் என்ற எழுத்தில் ஓ-வின் மெலிந்த இடம் சற்றுச் சாய்வாக விழும். பாஸ்கர்வில்லில் அது கிட்டத்தட்ட நேராக, உச்சியிலும் அடியிலும் விழும். தடிக்கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசமும் கேஸ்லனைவிட அதிகம். பின்னால் இத்தாலியில் வந்த பொடோனி இந்த வித்தியாசத்தை எல்லைக்கே கொண்டுபோய், தடிக்கோட்டைத் தூணாகவும் மெல்லிய கோட்டை முடியாகவும் ஆக்கிவிட்டார். தலைப்பில் அது ஜொலிக்கும், பத்தி பத்தியாகப் படித்தால் கண் கூசும். பாஸ்கர்வில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. எழுத்துகள் அகலமானவை, வட்டங்கள் தாராளமானவை. அதனால்தான் இதை நசுக்கக் கூடாது என்கிறேன். இந்த எழுத்தின் அழகே அது கால் நீட்டி உட்கார்ந்திருப்பதில்தான் இருக்கிறது.

இதைச் செய்த ஜான் பாஸ்கர்வில் இங்கிலாந்தில் பர்மிங்காம்காரர். முதலில் பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தார், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டினார். என்னென்ன மாதிரியில் வெட்டித் தருவேன் என்று காட்ட அவர் செதுக்கிய ஒரு பலகைக் கல் பர்மிங்காம் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து ஃப்ளெக்ஸ் கடை சாம்பிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டு, பெட்டிகளுக்கு அரக்குப்பூச்சு வேலையில் இறங்கி நல்ல காசு பார்த்தார். அந்தக் காசை 1750 வாக்கில் அச்சில் கொண்டுபோய்க் கொட்டினார். முதல் புத்தகம் வெளிவந்தது 1757-ல், லத்தீன் கவி வர்ஜில். 7 வருஷம் ஒரு புத்தகம்கூட அச்சடிக்காமல் எழுத்தையே செதுக்கிக்கொண்டிருந்த முதலாளி! உங்களில் யாராவது அப்படி இருந்தால் மறுநாளே மாமனார் வந்து நிற்பார். எழுத்து வார்ப்பதற்கு மூலமான எஃகு முளைகளை (பஞ்ச் என்போம்) வெட்டியவர் ஜான் ஹேண்டி என்ற தொழிலாளி. பெயர் முதலாளிக்குப் போயிற்று. நம் தொழிலில் இது புதிதா என்ன.

அந்த 7 வருஷத்தில் அவர் எழுத்தை மட்டும் செய்யவில்லை. தன் மெல்லிய கோடு அன்றைய சொரசொரப்பான காகிதத்தில் நிற்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் கம்பிவரி விழாத வழவழப்பான காகிதத்தைத் தேடிப் போனார். வர்ஜில் புத்தகத்தின் ஒரு பகுதி அந்தப் புதுக் காகிதத்தில்தான் அச்சானது. மையைத் தானே காய்ச்சினார். அழுத்தம் ஒரே சீராக விழும்படி அச்சுப்பொறியைத் திருத்தினார். அச்சடித்த தாளைச் சூடான செம்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுத்தார். (வேலூரில் என்றால் மே மாத வெயிலில் மாடியில் வைத்தாலே போதும்.) வரிக்கும் வரிக்கும் நடுவிலும் ஓரத்திலும் தாராளமாக இடம் விட்டார். பூ, கொடி, பார்டர் எதுவும் கிடையாது, தலைப்புப் பக்கத்தில் எழுத்து மட்டும்தான்.

என்னிடம் "நீங்க சொன்ன ஃபான்ட் போட்டேன் சார், ஒண்ணும் எடுப்பா வரலையே" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். 54 ஜிஎஸ்எம் எடையுள்ள மெல்லிய பழுப்புத் தாளில், ஓரத்தில் கால் அங்குலம்கூட விடாமல், வரி இடைவெளியை இறுக்கிப் போட்டால் எந்த எழுத்தும் எடுபடாது. இது இன்னும் எடுபடாது. அன்றைக்கே இதற்குக் கெட்ட பெயர் உண்டு. கோடு ரொம்ப மெல்லிசு, நாட்டில் படிக்கிறவர்கள் கண்ணெல்லாம் போய்விடும் என்று ஒரு கனவான் புலம்பினாராம். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஓர் அச்சுக்காரர். அவர் என்ன செய்தார் தெரியுமா? கேஸ்லன் எழுத்தின் மாதிரித் தாளை எடுத்து, பெயர் இருந்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டு, "இதுதான் பாஸ்கர்வில், குறையைக் காட்டுங்கள்" என்று அவரிடமே நீட்டினார். கனவானும் வரி வரியாகக் குறை கண்டுபிடித்துக்கொண்டே போனார். 1760-ல் பிராங்க்ளினே பாஸ்கர்வில்லுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. நம் வாடிக்கையாளர்களிலும் இந்த மாதிரிக் கனவான்கள் உண்டு. ஆனால் அவரவர் கடையில் இதைச் செய்து பார்க்கச் சொல்லி நான் தூண்டிவிடவில்லை.

மனுஷன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் அவர் பெயர் சொல்லும் வேலைகளில் பெரியது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக 1763-ல் அச்சடித்த பைபிள். செத்தால் சர்ச் மண்ணில் புதைக்காதே, என் தோட்டத்திலேயே புதை என்று உயில் எழுதிவைத்து, 1775-ல் இறந்தார். எழுத்துக்கும் சாமியில்லை என்கிறவர்களுக்கும் ஏதோ ஒட்டு இருக்கிறது. 1935 வாக்கிலேயே தன் பத்திரிகையில் தமிழ் எழுத்தைச் சீர்திருத்திப் போட்டுக் காட்டிய பெரியார் உயிர்விட்டதும் நம்மூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில்தான், 1973 டிசம்பர் 24-ல். அவர் கேட்ட மாற்றத்தில் ஒரு பகுதி 1978-ல் அரசாணையாக வந்தபோது நான் கேஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தும்பிக்கை வைத்த லை, னை எழுத்துகளையும், வளைத்துச் சுழித்த ணா, றா, னா எழுத்துகளையும் கேஸிலிருந்து பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். முதலாளி எடைக்குப் போட்டுவிட்டார். ஒரே ஒரு 'லை'யை மட்டும் நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் என்னிடம் இருக்கிறது.

பாஸ்கர்வில்லின் எஃகு முளைகளும் எடைக்குப் போகிற கதைதான், நூலிழையில் தப்பின. அவர் மனைவி சாரா 1779-ல் பிரான்ஸின் நாடகாசிரியர் பொமார்ஷேவுக்கு விற்றார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் எழுதியது மொத்தமும் 70 தொகுதிகளாக அந்த எழுத்தில் வந்தது. பிறகு கை மாறி மாறிப் போய், ஒரு பிரெஞ்சு எழுத்து வார்ப்பாலை 1953-ல் கேம்பிரிட்ஜுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தது. அதற்கு முன்பே, 1923-ல், மோனோடைப் கம்பெனி இதை எழுத்து கோக்கும் தன் இயந்திரத்துக்காக மறுபடி வரைந்துவிட்டது. நான் சின்ன வயசில் பார்த்தது அந்த மோனோடைப் எழுத்துதான்.

கனடா அரசின் பெயர்ச் சின்னத்தில் 'கனடா' என்று இருக்கிறதே, அது சற்று மாற்றிய பாஸ்கர்வில். 2012-ல் ஏரல் மாரிஸ் என்ற ஆவணப்பட இயக்குநர் நியூயார்க் டைம்ஸ் இணையதளத்தில் ஒரு விளையாட்டு காட்டினார். ஒரே செய்தியை 6 வகை எழுத்தில் மாற்றி மாற்றிக் காட்டி, இதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். சுமார் 45,000 பேர் பதில் சொன்னார்கள். பாஸ்கர்வில்லில் படித்தவர்கள் கொஞ்சம் அதிகமாக நம்பினார்கள். வித்தியாசம் ரொம்பச் சொற்பம். காமிக் சான்ஸும் அந்த 6-ல் இருந்தது. தலைமை ஆசிரியருக்கு அஞ்சலி போட்ட தம்பிக்காக இதைச் சொல்கிறேன்.

எல்லா இடத்திலும் இதைப் போடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சிஎம்சி எதிரே லாட்ஜுகளுக்கு பெங்காலி, இந்தி, இங்கிலீஷ் என்று மூன்று மொழியில் கார்டு அடிக்கிறீர்கள். கொல்கத்தாவிலிருந்து ஒரு நாளுக்கும் மேல் ரயிலில் வந்து இறங்கிய ஒருவர் கையில் நோயாளியைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டிய கார்டு அது. அங்கே காலில்லாத எழுத்துதான் நல்லது. மருந்து சாப்பிடும் விவரமும் அப்படியே. கறுப்பில் வெள்ளை எழுத்து வரும் இடத்திலும் பாஸ்கர்வில் வேண்டாம். மை பரவி மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். நாலு கலரில் பொடி எழுத்து போட்டால் ரிஜிஸ்டர், அதாவது கலர்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு முடி தள்ளினாலும் கோடு இரண்டாகத் தெரியும், அதனால் ஒற்றைக் கறுப்பில் மட்டும் போடுங்கள். செய்தித்தாள்போல ஒடுங்கிய பத்திக்கு டைம்ஸ்தான் சரி. 1932-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை தனக்கென்றே செய்துகொண்ட எழுத்து அது. குறைந்த இடத்தில் நிறைய அடைப்பது அதன் பிறவிக் குணம். சத்துவாச்சாரி கோர்ட் பக்கத்தில் மனு அடிக்கும் தம்பிகளும் டைம்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றமே 2020-ல் ஏ4 தாள், டைம்ஸ் நியூ ரோமன், 14 பாயிண்ட், ஒன்றரை வரி இடைவெளி என்று சொல்லிவிட்டது. அதில் நாம் ரசனையைக் காட்டப் போகக் கூடாது.

இப்போது கம்ப்யூட்டர் விஷயம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எம்எஸ் ஆபீஸ் போட்டிருந்தால் ஃபான்ட் பட்டியலில் 'பாஸ்கர்வில் ஓல்டு ஃபேஸ்' என்று ஒன்று இருக்கும். அது ஜான் பாஸ்கர்வில் செய்ததே இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதே போட்டிக்கு ஃப்ரை என்கிறவரின் வார்ப்பாலைக்காக ஐசக் மூர் என்பவர் பார்த்து வெட்டிய எழுத்தின் வாரிசு. தலைப்புக்கு அழகு. ஆனால் அதில் ஒரே ஒரு உருதான் உண்டு, இட்டாலிக்கும் போல்டும் கிடையாது. நீங்கள் 'ஐ' பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்க்கிறது. 'பி'யை அழுத்தினால் ஓரத்தில் மை அப்பித் தடிக்கவைக்கிறது. அந்த மலரில் நான் பார்த்த சாய்வு எழுத்தெல்லாம் இப்படி வந்ததுதான். நிஜ இட்டாலிக்கில் ஏ, ஈ, எஃப் எல்லாம் உருவமே மாறும். உங்கள் ஏ மாறாமல் சும்மா சாய்ந்து நின்றால் அது போலி.

'லிப்ரே பாஸ்கர்வில்' இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கென்று வரைந்த இட்டாலிக்கும் போல்டும் அதில் உண்டு. ஆனால் அது திரையில் படிக்க வரைந்தது, சின்ன எழுத்துகள் உயரமாகவும் அகலமாகவும் இருக்கும். வழக்கமாக 11 பாயிண்ட் போடுகிறவர்கள் இதை 9 அல்லது 9.5-ல் போட்டு, வரிக்கு 14 கொடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பக்கம் ஏறி, அச்சடிக்கும் ஃபாரம் (தாள்) ஏறி, வாடிக்கையாளர் உங்களை விட்டு என்னைத் திட்டுவார். திரைக்கு என்று வரைந்ததால் அதன் மெல்லிய கோடு அவ்வளவு மெல்லிசு இல்லை. நம் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளுக்கு இது ஒரு வகையில் அதிர்ஷ்டம்.

பக்கத்தில் வரும் தமிழுக்கு என்ன செய்வது? ஓலையில் எழுத்தாணி ஒரே தடிமனில்தான் கீறும். நம் எழுத்துக்குக் கால் கிடையாது, அதை ஒட்டவைக்கவும் வேண்டாம். தடிப்பும் மெலிவும் உள்ள தமிழ் எழுத்து பாஸ்கர்வில்லோடு ஒத்துப்போகும். 'டீரோ தமிழ்', 'நோட்டோ செரிஃப் தமிழ்' இரண்டும் இலவசம், இரண்டும் யூனிகோடு. பழைய ஃபான்ட்களில் தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். ஒரு வரிக்கு நடுவில் இங்கிலீஷ் பெயர் வந்தால் ஃபான்ட் மாற்ற வேண்டும், மாற்ற மறந்தால் டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'னுச' என்று ஏதோ வந்து நிற்கும். அந்த மலரில் இது 11 இடத்தில் இருந்தது. யூனிகோடு என்றால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் எப்போதும் இங்கிலீஷைவிடப் பெரிசாகத் தெரியும், அதனால் இரண்டுக்கும் ஒரே பாயிண்ட் கொடுத்துவிட்டு நகராதீர்கள். பிரின்ட் எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் சரி. தமிழைச் சாய்க்க மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு அச்சகமும் ஒரே ஒரு மாதிரித் தாள் அடியுங்கள். டெமி தாள் அளவு போதும். இடப்பக்கம் ஒரு பத்தி தமிழ், வலப்பக்கம் ஒரு பத்தி இங்கிலீஷ் பாஸ்கர்வில், மூன்று அளவில். கீழே அதே பத்தியை நசுக்கிய டைம்ஸிலும் போடுங்கள். நீங்கள் அன்றாடம் வாங்கும் தாளிலேயே அடித்துக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டுங்கள். மலர் அடிக்க வருகிறவர்களிடம் எதுவும் விளக்க வேண்டாம், அதைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். அந்த மலர் தம்பியிடம் இப்படி ஒன்று அடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல எழுத்தே தெரியல சார், விஷயம்தான் தெரியுது" என்றான். 60 பக்கத்தையும் அவனே உட்கார்ந்து மாற்றிவிட்டான். 4 பக்கம் ஏறியது. மலர் போட்ட சங்கத்துச் செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே பணம் கொடுத்தார்.

மாதிரித் தாள் அடிக்கிறவர்கள் பிளேட் போடுவதற்கு முன் எனக்கு ஒரு புரூஃப் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை மைதானத்துப் பக்கம் காலையில் நடக்க வருவேன், பையில் பூதக்கண்ணாடி இருக்கும். காசு வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும். அந்தப் பழைய 'லை'யையும் கொண்டுவருகிறேன், பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பழைய கம்போசிட்டர் ஒருவன்
வேலூர்